சேஷாத்ரி சார் உட்கார்ந்த கதை

வலிக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்து, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்கிற தொழில் என்னுடையது. பிசியோதெரபி என்று போர்டு போட்டிருக்கிறேன்.

இங்கே சொல்லப்போகும் கதையைப் பல வருஷமாக நானே சந்தேகப்பட்டு வருகிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மயூர் விஹாரில் என் கிளினிக்குக்கு வந்த தசைநாண் நோயாளிகளில் இதைக் கேட்காமல் தப்பித்தவர்கள் குறைவு. சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, 'நீ பார்த்தாயா?' என்பான். பார்க்கவில்லை. அங்கேதான் இருந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை.

முழங்கையோ தோளோ குதிகாலோ, எங்கேயாவது ஒரு நாண் முறுக்கிக்கொண்டு, காபி டம்ளரைத் தூக்கும்போதுகூட 'ஸ்ஸ்' என்று இழுக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. எனக்கும் வலது தோளில் ஒன்று இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்கிற பயிற்சியை நான் ஒழுங்காகச் செய்வதில்லை. அதனால் உங்கள் கஷ்டம் எனக்கு நன்றாகவே புரியும்.

நாற்காலி வேண்டாம்

சேஷாத்ரி சார் முதல்முறை வந்தது ஓர் ஆடி மாதத்தில். காத்திருக்கும் அறையில் எல்லா நாற்காலியும் காலி. அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வரவேற்பில் இருக்கும் சுனிதா ஹரியாணாப் பெண். பெரியவர்கள் நின்றால் அவளுக்குப் பொறுக்காது. "பைட்டியே அங்கிள்ஜி" என்று அவள் உட்காரச் சொல்லி உபசரிக்க உபசரிக்க, அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ஏதோ உறவுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தும் நின்றார். "எங்க சார் வலிக்குது?" என்றேன். "கீழே." முழங்காலா என்றால், "அதுக்கு மேலே" என்றார். இடுப்பா என்றால், "அதுக்குக் கீழே" என்றார். சுனிதா ஏதோ எடுக்க வந்து திரும்பிப் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "உட்கார்ற எடம் சார்" என்றார். தொட்டுப் பார்த்தேன். நாற்காலியில் அழுந்துகிற எலும்பு, அதில் பின்தொடைத் தசையைக் கட்டிப்போட்டிருக்கும் நாண், சரியாக அங்கேதான் வலி. காரணமும் கிடைத்தது. பார்க்கில் காலை யோகா கோஷ்டி. குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவதில் அவருக்கும் எதிர் ஃப்ளாட் குப்தாவுக்கும் போட்டி. குப்தாவின் விரல் தரையைத் தொட்டதும் இவர் உள்ளங்கையையே வைத்துவிட்டார். வலி வந்த பிறகும், இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இன்னும் அதிகமாகக் குனிந்திருக்கிறார்.

மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சர்வீஸ் பூரா உட்கார்ந்துண்டே சம்பளம் வாங்கினேன் சார். ரிடையர் ஆனப்புறம் உட்காரவே முடியலேன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

நகராத ஃபைல்

என்னிடம் வருவதற்கு முன்பே ஐஸ், களிம்பு, மாத்திரை, படுக்கை எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். படுத்திருந்தால் வலி போகிறது. எழுந்து இரண்டு நாள் நடமாடினால் பழைய குருடி கதவைத் திறடி. "வீக்கம், அழற்சின்னு டாக்டர் சொன்னார். தடவிப் பார்த்தா வீக்கமே இல்லையே?" என்றார். நல்ல கேள்வி. நானே என் தொழிலில் பாதி வருஷங்கள் தவறாகப் பதில் சொல்லிவந்த கேள்வி.

இப்போது புரிந்துகொண்டிருப்பதைச் சொன்னேன். தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கிற கயிறு. புதிதாக அடிபட்டால் அது சிவக்கும், சுடும், வீங்கும். சில நாளில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிற வலி வேறு ஜாதி. அங்கே அழற்சி பெரிதாக இருப்பதில்லை. தாங்கமுடியாத வேலை கொடுத்ததில் இழைகள் நைந்திருக்கும்; உடம்பு பழுதுபார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டிருக்கும். மாத்திரை வலியைக் குறைக்கும், பாதியில் நின்ற வேலையை முடித்துத் தராது. முழு ஓய்வு கொடுத்தால் கயிறு இன்னும் மெலியும். அதனால் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை கொடுக்க வேண்டும். முதலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி அப்படியே நிறுத்துவது. அது பழகினால் எடை தூக்குவது. செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடாமல் இருந்தால் அளவு சரி. குனிந்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது, ஏனென்றால் அது நைந்த நாணை அந்த எலும்பின்மேல் வைத்து நசுக்குகிறது.

நான் பேசி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், தனக்குப் பழகிய பாஷையில் தொகுத்துச் சொன்னார்: "அதாவது ரிப்பேர் ஃபைல் ஓப்பன் ஆயிருக்கு, பாதியில யாரோ மேஜையில தூங்கறது, தெனம் ஒரு ரிமைண்டர் போட்டாத்தான் நகரும்ங்கறேள். அச்சா, இது எனக்குத் தெரிஞ்ச வியாதிதான்."

பெரியப்பா தயார்

அடுத்த தடவை அவருடைய அண்ணாவும் கூட வந்தார். துவாரகாவில் இருப்பவர், விமானப்படையில் இருந்தவர், எழுபது தாண்டியும் முதுகு வளையாதவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது. "மெட்ரோல இவனோட வர்றது லாபம் சார். சீட்டுக்குப் போட்டி கிடையாது" என்று உட்கார்ந்தார். தம்பி நின்றார்.

அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. சேஷாத்ரி சாரின் ஒரே பெண் நித்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். பையன் கரண், ராஜௌரி கார்டன் பஞ்சாபிக் குடும்பம். சாயங்காலம் அவர்கள் முறை, காலையில் நம் முறை. இவர்கள் வீட்டு வழக்கப்படி தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அப்பா நெல் மூட்டைமேல் உட்கார வேண்டும். வெறும் நாற்காலியிலேயே உட்கார முடியாதவர், மூட்டைமேல் உட்கார்ந்து மடியில் ஒரு கல்யாணப் பெண்ணைச் சுமப்பது எப்படி? அப்பாவால் முடியாவிட்டால் அவருக்குப் பதில் அவர் அண்ணா உட்காரலாம். "அதுக்குத்தான் நானும் மன்னியும் தயாரா இருக்கோம்டா. நீ ஓரமா நின்னு அட்சதை போடு. எல்லா பஞ்சாபியும் நின்னுண்டுதான் இருப்பா, உனக்குக் கம்பெனி கிடைக்கும்" என்றார் பெரியப்பா. அவர் கிண்டலில் விஷம் கிடையாது. ஆனால் ஆசை இருந்தது, அது எனக்கே தெரிந்தது.

அவர் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் சேஷாத்ரி சார் என் பக்கம் குனிந்தார். குனியாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். "அவ பொறந்தப்போ நான் டூர்ல இருந்தேன் சார். அண்ணாதான் மொதல்ல மடியில வாங்கிண்டார். இன்னிவரைக்கும் அதைச் சொல்லிக் காமிக்கறார். இதையும் அவருக்கு விட்டுக் குடுக்கமாட்டேன்."

மணப்பெண்ணின் எடை

சுமையை ஏற்றிக்கொண்டு போவது என்றால் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று தெரிய வேண்டும். பெண்ணின் எடை என்ன என்று கேட்டேன். அப்பா ஒன்று சொன்னார், அம்மா வசந்தா மாமி வேறொன்று சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பிள்ளையே இருந்தது. கடைசியில் பெண்ணுக்கே போன் போட்டுக் கொடுத்தார்கள். எதற்குக் கேட்கிறேன் என்று விளக்கினேன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் அவள் வாயில் இந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

"அப்பாக்கு ரொம்ப வலிக்குமா அங்கிள்? மத்லப், அதாவது, நான் உட்கார்ந்தா?" என்றாள். இப்போதே உட்கார்ந்தால் வலிக்கும், தை மாதத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். உறுதியாகச் சொல்லவில்லை, எதையும் உறுதியாகச் சொல்கிற ஆள் நானில்லை. அவள் கேட்டாள்: "டீக் ஹை அங்கிள். வெயிட் சொல்றேன். லெஹங்காவோடயா, லெஹங்கா இல்லாமலா?"

இட்லி அரிசி

வீட்டில் எடைக்கு எங்கே போவது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவந்த இட்லி அரிசிப் பை இருந்தது. அதையே இரண்டு கையிலும் பிடித்து, முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து சாய்ந்து நிமிரச் சொன்னேன். பிறகு தடிமனான மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அதே பையை மடியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் அரசாங்க உத்தரவுபோல எடுத்துக்கொண்டார். வாரா வாரம் முகத்தில் வெளிச்சம் கூடியது. "முன்னைக்கு இப்போ இறகு மாதிரி இருக்கு சார்" என்றார். என் வைத்தியம் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நல்லது நடந்தால் எனக்குத் தூக்கம் வராது. பையைக் கொண்டுவரச் சொல்லி எடை மெஷினில் வைத்தேன். பாதிதான் இருந்தது.

கூட வந்திருந்த வசந்தா மாமி மெஷினைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைக்கிற வீடு. கணவர் பலசாலியாகிக்கொண்டிருந்த அதே வேகத்தில் பை இளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. "சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன். "எப்படிச் சொல்றது? அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தார்" என்றார். இந்தச் செய்தி எப்படியோ ராஜௌரி கார்டனுக்குப் போய், கரணின் அம்மா ஒரு பெரிய கோதுமை மூட்டையே அனுப்பிவைத்தார். இனி அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கூட்டிக்கொள்ளலாம். அதுவும் கரைந்துவிடாதா என்று கேட்டதற்கு மாமி நிம்மதியாகச் சொன்னார்: "பயப்படாதேங்கோ. எங்காத்துல கோதுமையைக் கண்டா எலிகூட திரும்பிப் பார்க்காது."

ஊசி

தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். அங்கே நின்றுகொண்டிருக்க விடுவார்களா? 'பைட்டியே ஜி, பைட்டியே ஜி' என்று கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்திருக்கிறார்கள். புதுச் சம்பந்தம், எனக்கு இந்த இடத்தில் வலி என்று எந்தப் பெண் வீட்டுக்காரர் சொல்வார்? மதியம் உட்கார்ந்தவர் விளக்கு ஏற்றும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் என்னிடம் சாய்ந்து சாய்ந்து வந்தார். "ஊசி போட்டா ஒரே நாள்ல போயிடுமாமே சார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் உங்க மூட்டையைத் தூக்கறேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊசி சில வாரம் வலியை அடக்கும். பல நாண்களில் அதற்குப் பிறகு வலி திரும்பி வரும், நாணும் வலுவிழக்கலாம். முடிவு அவருடையது, எலும்பு டாக்டரையும் கேளுங்கள் என்று அனுப்பினேன். டாக்டரும் ஏறக்குறைய அதையே சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனம் சரியில்லை. கல்யாணம் ஒரு நாள்தானே. அந்த ஒரு நாளுக்கு எளிதாகக் கிடைக்கிற நிம்மதியை என் கொள்கைக்காகத் தட்டிவிடுகிறேனோ? என் வைத்தியம் ஜெயிக்க வேண்டும் என்று அவருடைய எலும்பைப் பந்தயம் வைக்கிறேனோ? ஒரு வாரம் கழித்து வந்தார். ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வலி பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "ஊசி போட்டுண்டு உட்கார்ந்தா, ஊசிதான் உட்கார்ந்துதுன்னு அண்ணா சொல்வார்."

முகூர்த்தம்

கல்யாணத்துக்கு நானும் சுனிதாவும் போனோம். பனி விலகாத காலை. பெரியப்பா பட்டு வேஷ்டியில் மேடையருகே மன்னியோடு தயாராக நின்றார், ஆட்டத்தில் யாருக்காவது அடிபடாதா என்று காத்திருக்கிற மாற்று ஆட்டக்காரர்போல. முந்தின இரவுக் கச்சேரியைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "சங்கீத்துன்னு பேரு. அவா ஆத்து மாமியெல்லாம் ஆடறா, எங்காத்துக் கொழந்தை கைகாலெல்லாம் மெஹந்தியை அப்பிண்டு, காயட்டும் காயட்டும்னு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கா." தில்லியில் நெல் மூட்டை கிடைக்கவில்லை. மேடையில் அதே கோதுமை மூட்டை, மேலே ஒரு ஜமுக்காளம். சேஷாத்ரி சார் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றுவரை மடியில் அவர் தாங்கியிருந்தது பெண்ணின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அவர் மெல்ல மூட்டைமேல் உட்கார்ந்தார். கூறைப்புடவையில் நித்யா வந்து, மடிசார் மடிப்பெல்லாம் அவர் முழங்காலைச் சுற்றிப் பரவ, மடியில் அமர்ந்தாள். அதுவரைதான் பார்த்தேன். கெட்டிமேளம் தொடங்கியதும் போட்டோக்காரர்களும் வீடியோக்காரர்களும் மேடைக்கு முன்னால் சுவர் எழுப்பினார்கள். பஞ்சாபி விருந்தாளிகள் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார்கள். நாதஸ்வரம் நிற்கும்வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருவருடைய முதுகும் ரோஜா நிறத் தலைப்பாகையும்தான். கூட்டம் விலகியபோது சேஷாத்ரி சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முகம் நனைந்திருந்தது. நேராக என்னிடம் வந்து, என் வலிக்கிற தோளைப் பிடித்து அழுத்திச் சொன்னார்: "முழு வெயிட்டும் சார். ஒரு துளி வலிக்கலே."

போனில் ஒரு சந்தேகம்

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் நித்யா போன் செய்தாள். இரண்டு தொடையும் முன்பக்கம் கல் மாதிரி இருக்கிறது, மாடிப்படி இறங்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்றாள். இது நாண் இல்லை, தசைதான். பழக்கமில்லாமல் வேலை வாங்கினால் இப்படித்தான், இரண்டு நாளில் போய்விடும், வெந்நீர் ஒத்தடம் போதும் என்றேன். சங்கீத்தில் ஆடியிருப்பாய் என்றும் நானே சேர்த்துச் சொன்னேன். அவள் சொன்னாள்: "ஹாங் அங்கிள், அதுவாத்தான் இருக்கும். டான்ஸ்தான்."

கதை எடை போட்டது

அதற்குப் பிறகு அந்தக் கதை என் கிளினிக்கின் சொத்தாகிவிட்டது. தோள் வலியோடு வந்த பேங்க் அம்மா, குதிகால் நாண் போய்விட்ட பேட்மின்டன்காரர், முழங்கை தூக்காத சமையல்காரர் என்று எல்லோருக்கும் சொன்னேன். எடை தூக்கச் சொன்னால் 'வலிக்கிறதே' என்று பின்வாங்குகிறவர்கள், இதைக் கேட்டதும் தூக்கினார்கள். என்னைவிடச் சுனிதா நன்றாகச் சொல்வாள். அவள் வாயில் நித்யா வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போனாள். மூட்டை உயர்ந்தது. ஊசியோடு டாக்டர் மேடைவரை ஓடிவருவதுபோலவும் ஒரு கட்டம் சேர்ந்தது.

என்னைத்தான் அது அரித்தது. என் கணக்குப்படி பாதி எடைக்குப் பழகிய நாண், அந்தத் தணிந்த மூட்டைமேல், முழு எடையை ஒரு துளி வலியில்லாமல் தாங்கியிருக்கக் கூடாது. கொஞ்சம் வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பேன். 'ஒரு துளி'தான் இடித்தது. அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. கதை பொய்யானால், அதைக் கேட்டுத் தைரியமாகத் தூக்கிக் குணமானவர்களின் கை கால்களை என்ன சொல்வது? அவை பொய்யாகவா குணமாயின? சுனிதாவிடம் ஒருநாள் இந்தக் குழப்பத்தைச் சொன்னேன். அவள் கணக்கு மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "டாக்டர் சாப், வலி போனதற்கு ஜனங்கள் மிட்டாய் கொண்டுவருகிறார்கள். நீங்கள் ஏன் அதற்கு ரசீது கேட்கிறீர்கள்?"

கட்டைவிரல்

போன மாதம் நித்யா வந்தாள். கைக்குழந்தை, கூடவே அப்பா. அவளுக்கு மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கத்து நாண். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு இது சகஜம். கட்டைவிரலை விரித்து, பிள்ளையை அக்குளில் பிடித்து, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை தூக்குகிறார்களே. கொஞ்ச நாள் பட்டை போட்டுக்கொள், உள்ளங்கையை மேலே வைத்து முழங்கையால் அள்ளித் தூக்கு, வலி தணிந்ததும் சின்ன எடையில் தொடங்கலாம் என்றேன். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் ஊசியும் போட்டுக்கொள்ளலாம், இந்த இடத்தில் அது பல பேருக்கு நன்றாகவே கேட்கும் என்றும் சொன்னேன். ஒரு நாணுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும். சேஷாத்ரி சாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "நம்ம குடும்பத்துல யாரும் ஊசி போட்டுக்கறதில்லே" என்றார்.

அவர் இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறார். கல்யாணத்துக்குப் பிறகும் மூட்டையை விடவில்லை. அடுத்த வருஷத்துக்குள் வலி அடியோடு போய்விட்டது. அன்று காத்திருக்கும் அறையின் மர பெஞ்சில், மெத்தைகூட இல்லாமல், பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். குழந்தையின் சாக்ஸ் கழன்று விழுந்தது. நித்யா எழுந்து போய் மாட்டிவிட்டாள். மண்டி போடவில்லை, பெஞ்சைப் பிடிக்கவில்லை. முதுகு நேராக, முழங்கால் பாதி மடங்கி, காற்றில் ஒரு நாற்காலி இருப்பதுபோல அப்பாவின் முழங்காலுக்கு எதிரே அமர்ந்தாள். குழந்தை காலை உதைக்க உதைக்க, சாக்ஸ் ஏறும்வரை அப்படியே ஆடாமல் இருந்தாள். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தோளில் இல்லாத ஒரு வலி, பல வருஷமாக இடித்த அந்தக் கணக்கு, சுருக்கென்று குத்திச் சரியாயிற்று.

அவளை உள்ளே கூப்பிட்டுப் பட்டையைக் கட்டத் தொடங்கினேன். திரைக்கு வெளியே, புதிதாக வந்திருந்த யாரோ ஒருவரிடம் சேஷாத்ரி சார் இந்தியில் ஆரம்பித்துவிட்டார். அரிசி, கோதுமை, அண்ணா, மூட்டை எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் முழு எடைக்கு வந்தார்: "பூரா வஜன், பாய் சாப். பூரா." நித்யா தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத்தில் தசைநாணைப் பற்றி நான் உறுதியாகக் கற்றது, சுமந்தால்தான் அது தேறும் என்பதும், யார் எவ்வளவு சுமந்தார்கள் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது என்பதும்தான்.

பட்டையின் முனையை ஒட்டிவிட்டு, திரை சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "நித்யா, கல்யாணமாகி மூணாம் நாள், உனக்குத் தொடை ஏம்மா அப்படி வலிச்சது?"